டிக்கெட் நேரத்தை ஓதம் சொல்லட்டும்: பாக் விரிகுடாவில் கயாக் விடுவோருக்கும் அனுமதி தருவோருக்கும் ஒரு திறந்த மடல்

பாக் விரிகுடாக் கரையில் கயாக் படகுகளுக்கு அனுமதி தரும் அதிகாரிகளுக்கும், அவற்றை நடத்தும் ஊர்க் குழுக்களுக்கும், தனியார் நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

உங்கள் மூவருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறோம். அக்டோபரில் வாடைக் காற்று எழும்பிப் படகுகளைக் கரையேற்றிய பிறகு, அடுத்த ஆண்டுக்கான விதிகளை எழுத உட்காருவீர்கள். அப்போது படகுத்துறை அறிவிப்புப் பலகையில் ஒரு வரியை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும். "படகு நேரம்: காலை 9 முதல் மாலை 5 வரை" என்ற வரிதான் அது. அலுவலகத்துக்குப் பொருந்தும் அந்த நேரம் இந்தக் கடலுக்குப் பொருந்துவதில்லை. பறவை கலைவது, கடற்புல் அறுபடுவது, புதிதாகத் துடுப்புப் பிடித்தவர் காற்றில் இழுபட்டுப் போவது என்று இங்கே நடக்கும் தொல்லைகளில் பாதிக்கு மேல் அந்த வரியிலிருந்துதான் தொடங்குகின்றன. எப்படி என்று சொல்கிறோம்.

பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். கயாக் போகும் கரையோரத்தில் பல இடங்களில் ஆள் இறங்கி நின்றால் இடுப்பளவு தண்ணீர்தான். ஓதமும் (கடல்நீர் நாள்தோறும் ஏறி வற்றுவது) பெரியதல்ல, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே முக்கால் மீட்டர் வித்தியாசம் இருந்தாலே அதிகம். கேட்பவர் "இவ்வளவுதானா?" என்பார். ஆனால் தரையின் சரிவைப் பாருங்கள். ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுள்ள கரையில் தண்ணீர் அரை மீட்டர் இறங்கினால், அரைக் கிலோமீட்டர் அகலத்துக்குச் சேறு வெளியே வந்துவிடும். காலை 9 மணிக்குக் கரையடியில் மிதந்த படகை 12 மணிக்குக் கொண்டுவந்து சேர்க்க, முழங்கால் சேற்றில் 300 மீட்டர் இழுக்க வேண்டியிருக்கும். இரண்டு பேர் படகு ஒன்று 30 முதல் 35 கிலோ இருக்கும். அதை இழுத்துப்போகும் தடத்தில் கடற்புல்லும் அலையாத்தி மரங்களின் மூச்சுவேரும் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஏற்றம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 8 மணிக்கு முழு ஏற்றம் என்றால் ஒரு வாரத்தில் அதே 8 மணிக்கு ஏறக்குறைய முழு வற்றம். ஆண்டு முழுக்க ஒரே நேரம் போட்ட பலகை, மாதத்தில் சில நாள் தானாகச் சரியாக இருக்கும். நின்றுபோன கடிகாரம்கூட அப்படித்தான்.

அதற்கு ஓத அட்டவணை வேண்டும் என்றதும் யாராவது சென்னைத் துறைமுக அட்டவணையை எடுத்து ஒட்டுவார்கள். அது இங்கே உதவாது. ஏற்றம் வந்து சேரும் நேரமும் வேறு, உயரமும் வேறு. போதாக்குறைக்குக் காற்றும் தண்ணீரைத் தள்ளும். வாடை பலமாக வீசும் நாள்களில் விரிகுடாவுக்குள் நீர் ஏறி நிற்கும். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் நாள்களில் கரையை விட்டு இறங்கிக் கிடக்கும். ஆகவே ஒவ்வொரு படகுத்துறையிலும் சொந்தமாக ஓர் அளவுகோல் நடுங்கள். படகுத்துறைக் காலில் இரண்டு மீட்டர் உயர மரச்சட்டம் ஒன்றைக் கட்டி, 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, ஒன்றுவிட்டு ஒன்று கருப்பும் வெள்ளையுமாகப் பூசினால் போதும். பகலில் அரை மணிக்கு ஒரு முறை, 30 நாள் விடாமல் ஒருவர் பார்த்துக் குறிக்க வேண்டும். பக்கத்தில் காற்றின் திசையையும் எழுத வேண்டும். ஒரு மாத நோட்டு முடிந்ததும் அந்தத் துறைக்கு முழு ஏற்றம் எப்போது, எந்தக் கோட்டுக்குக் கீழே படகு தரை தட்டும் என்பது தெரிந்துவிடும். ஓரிரு மாதத்தில் சட்டத்தைக் கொட்டலசு (மரத்தில் ஒட்டி வளரும் ஓட்டுயிர்) மூடிவிடும். சுரண்டிவிட்டு மறுபடி பூசுங்கள். பூசாமல் விட்டு, குத்துமதிப்பாக வாசித்து எழுதிய நோட்டுதான் எல்லாவற்றிலும் மோசம். அது நம்பும்படி இருக்கும், தப்பாகவும் இருக்கும்.

இனி பறவைக்கு வருவோம். இந்த மடலில் நாங்கள் கேட்பதற்கெல்லாம் முதல் காரணம் அதுதான்.

வற்றத்தில் சேறு வெளியே வரும்போது உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் பவளக்காலிகளும் கோட்டான்களும் (ஆந்தையல்ல, நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவை) கடற்கரை முழுக்கப் பரவி மேயும். அது அவற்றின் சாப்பாட்டு நேரம். தண்ணீர் ஏற ஏறச் சேறு மறையும். அப்போது அத்தனை பறவையும் மூழ்காமல் எஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு மணல்திட்டிலோ, பக்கத்து உப்பளக் கரையிலோ நெருக்கியடித்து ஒதுங்கும். ஒற்றைக் காலில் நின்று, அலகை முதுகுச் சிறகுக்குள் செருகி, அடுத்த வற்றம்வரை ஓய்வெடுக்கும். கயாக் சுகமாக மிதப்பது எப்போது? அதே முழு ஏற்றத்தில்தான். சுற்றுலாப் பயணி "அதோ அந்தத் திட்டுக்குப் போவோமா?" என்று கேட்பதும் அப்போதுதான். பறவைக்கு வேறு போக்கிடம் இல்லாத அந்த இரண்டு மணி நேரத்தில் நாம் அதன் படுக்கையறைக் கதவைத் தட்டுகிறோம்.

சைபீரியப் பக்கத்திலிருந்து வந்த உள்ளானுக்கு இந்த ஓய்வும் மேய்ச்சலும் பொழுதுபோக்கு இல்லை. மார்ச், ஏப்ரலில் திரும்பிப் பறக்கத் தேவையான கொழுப்பை அது இங்கேதான் உடம்பில் ஏற்ற வேண்டும். ஒரு முறை கலைந்து எழுந்து வட்டமடித்து உட்கார்ந்தால் கொஞ்சம் செலவு. காலையிலிருந்து மாலைவரை ஆறு குழு, ஆறு முறை எழுப்பினால் அன்றைய மேய்ச்சலின் வரவு எங்கே நிற்கும்?

"கயாக்கில் சத்தம் இல்லையே" என்பார்கள். இயந்திரப் படகு ஆழமான தடத்திலேயே போகும். அதன் சத்தம் தூரத்திலிருந்தே கேட்கும். அது எந்த வழியாய் வருகிறது என்பதும் பறவைக்குத் தெரியும். கயாக் 15 சென்டிமீட்டர் தண்ணீரிலும் நுழையும். தாழ்வாக, சத்தமில்லாமல், நேராக நோக்கி வரும். வேட்டைக்காரன் வருவதும் அப்படித்தான். இயந்திரப் படகு எட்டிப் பார்க்காத மூலையைக்கூடக் கயாக் எட்டிப் பிடித்துவிடுகிறது.

எனவே புறப்பாடு முழு ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு இருக்கட்டும், திரும்புவது ஏற்றம் முடிந்து ஒன்றரை மணி நேரத்துக்குள். இந்த இரண்டரை மணி நேரம்தான் ஒரு நாளின் படகு நேரம். ஏற்றம் உச்சத்தில் இருக்கும்வரை குழு அலையாத்திக் கால்வாய்க்குள் இருக்கட்டும். திட்டுப் பக்கம் போகவே வேண்டாம். தண்ணீர் இறங்கத் தொடங்கி முதல் சேற்று விளிம்பு தெரியும்போது கால்வாய் வாயில் படகை நிறுத்தி, துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் காத்திருங்கள். பறவைகள் திட்டை விட்டுத் தாமாகவே மேயக் கிளம்பி உங்கள் பக்கம் வரும். பத்து நிமிடம் அசையாமல் இருந்தால், துரத்திப் போய்ப் பார்த்ததைவிட நெருக்கத்தில் பார்த்துவிடலாம். பயணிகளுக்கு இதைப் புறப்படும் முன்பே சொல்லுங்கள். நடுவில் சொன்னால் ஏமாற்றுவதாக நினைப்பார்கள்.

தூரக் கணக்கு ஒன்றும் வேண்டும். ஓய்வெடுக்கும் கூட்டத்துக்கும் படகுக்கும் இடையே குறைந்தது 100 மீட்டர் என்று கேட்கிறோம். தண்ணீரில் 100 மீட்டரை யாராலும் சரியாக மதிப்பிட முடியாது. 40 மீட்டரை 100 என்று சத்தியம் செய்வார்கள். பூநாரைக்கு ஓர் எளிய அளவு: கையை முழுக்க நீட்டிச் சுண்டுவிரல் நகத்தை உயர்த்திப் பிடியுங்கள். நிமிர்ந்து நிற்கும் பூநாரை முழு உயரத்துக்கும் அந்த நகத்துக்குள் அடங்கினால் நீங்கள் ஏறக்குறைய 100 மீட்டரில் இருக்கிறீர்கள். நகத்தைத் தாண்டித் தலை தெரிந்தால் நெருங்கிவிட்டீர்கள். சிறிய பறவைகளுக்கு இந்தக் கணக்கு உதவாது. அவை வழக்கமாக ஒதுங்கும் திட்டுகளைச் சுற்றி 100 மீட்டரில் மூங்கில் கழி நட்டு மேலே சிவப்புத் துணி கட்டுங்கள். ஊர் மீனவரைக் கேட்காமல் நடாதீர்கள். அவர் வலை இழுக்கும் பாதையில் கழி நின்றால் மறுநாள் இருக்காது, இருக்கவும் கூடாது.

கழியைத் தாண்டாமலேகூடப் பறவையைத் தொந்தரவு செய்யலாம் என்பதால், வழிகாட்டி ஒருவர் பறவையின் உடம்பைப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். முதல் அறிகுறி, மேய்ந்துகொண்டிருந்த தலைகள் நிமிர்வது. இரண்டாவது, எல்லாம் ஒரே திசை பார்த்து மெதுவாக நடக்கத் தொடங்குவது. மூன்றாவது, குறுங்குரல் கொடுப்பதும் சிறகை லேசாகத் தூக்கி இறக்குவதும். முதல் அறிகுறியில் துடுப்பை நிறுத்த வேண்டும். இரண்டாவதில் பின்னோக்கித் துடுப்புப் போட வேண்டும். படகைத் திருப்பக் கூடாது, திருப்பும்போது துடுப்பு உயர்ந்து பளிச்சென்று மின்னும். மூன்றாவதுவரை போனால் அந்த வழிகாட்டிக்குப் பயிற்சி போதவில்லை.

பூநாரையைப் பற்றி இன்னும் ஒன்று. நிற்கும்போது அது வெளிறிய ரோஜா நிறம். இறக்கையை விரித்தால்தான் அடர்ந்த சிவப்பும் ஓரத்துக் கருப்பும் தெரியும். விளம்பரத் தட்டியில் எல்லாரும் விரும்புவது அந்தப் படத்தைத்தான். தானாகப் பறக்கும் பூநாரையைப் படம் எடுக்கக் காத்திருக்கப் பொறுமை வேண்டும். கையைத் தட்டி எழுப்ப ஒரு நொடி போதும். உங்கள் தட்டியில் கூட்டமாக எழும் பூநாரைப் படம் இருந்தால் மாற்றிவிடுங்கள். அதைப் பார்த்து வரும் பயணி அதையேதான் கேட்பார். ட்ரோன் விஷயமும் இதோடு சேர்ந்தது. மேலே வட்டமிடும் எதுவும் பறவைக்குப் பருந்துதான். கரையிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

அடுத்தது காற்று. இங்கேதான் மனித உயிருக்கு ஆபத்து.

தொண்டி, காரங்காடு, தேவிபட்டினம் போலக் கிழக்குப் பார்த்த கரைகளில், மே மாதம் முதல் செப்டம்பர்வரை கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். கரையில் நிற்பவருக்குக் கடல் தட்டுப் போலத் தெரியும். ஓர் அலை இருக்காது. அந்த அமைதிதான் கண்ணி. கரையோர மரங்களின் மறைவு தாண்டி 200 மீட்டர் போனதும் முதுகில் காற்று பிடிக்கும். படகு தானாக விரைவதைக் கண்டு புதியவர் மகிழ்வார். திரும்பும்போதுதான் கணக்குத் தெரியும். பழக்கமில்லாதவர் அமைதியான நீரில் மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் போவார். எதிர்க்காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் வீசினால் அது ஒன்றாகக் குறையும். களைத்துத் துடுப்பை நிறுத்தினால் படகு பின்னால் போகும். காலையில் நிலம் சூடேறும்வரை காற்று அடங்கியிருக்கும், 10 மணிக்குமேல் பலக்கும். ஏற்றம் நண்பகலில் விழும் கச்சான் நாளில் படகே விடக் கூடாது. வருமானம் போகும்தான். கால்வாய்க்குள் மட்டும் போகும் குறுகிய பயணம் ஒன்றை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் பக்கம் கரை தெற்குப் பார்த்துத் திரும்புவதால் அதே காற்று பக்கவாட்டில் அடிக்கும். ஆளை நடுக்கடலுக்குத் தள்ளாது, ஆனால் இறங்க வேண்டிய துறையைத் தாண்டிக் கொண்டுபோய்விடும். ஒரே விதிப் புத்தகத்தை எல்லாத் துறைக்கும் அச்சடித்துக் கொடுக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். எல்லாருக்கும் பொதுவாக ஓர் எல்லை வேண்டுமானால், காற்று 10 நாட் (மணிக்கு ஏறக்குறைய 18 கிலோமீட்டர்). கருவி இல்லையா? கடலில் ஆங்காங்கே வெள்ளை நுரை தலை காட்டத் தொடங்கினால் அந்த எல்லை வந்துவிட்டது. முந்தின நாள் மாலையே வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையையும் இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல் தகவல் சேவை மையத்தின் கடல்நிலை முன்னறிவிப்பையும் பார்த்துப் பலகையில் எழுதுங்கள். அதற்குமேல், துறையில் வலை பிரிக்கும் வயதானவர் யாரிடமாவது "காத்து எப்படி?" என்று கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அவர் சொல்வதை எடுத்துக்கொள்ளலாம்.

கருவிகளில் எது எப்படிக் கெடுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மேலே உட்காரும் வகைப் பிளாஸ்டிக் கயாக் மூழ்காது என்று நம்பப்படுகிறது. சிப்பி மணலில் இழுத்து இழுத்து அடிப்பக்கத்து வடிதுளைகளைச் சுற்றி நூல்போல வெடிப்பு விடும். அதன் வழியே உள்கூட்டுக்குள் நீர் இறங்கும். வடிகால் தக்கை தொலைந்து துணி அடைத்த படகிலும் இதே கதை. உள்ளே 20 லிட்டர் சேர்ந்தால் படகு சோம்பலாகத் திரும்பும், ஒரு பக்கம் சாய்ந்தால் நீர் அந்தப் பக்கமே ஓடிக் கவிழ்த்துவிடும். புறப்படும்முன் ஒரு முனையைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே சளசளவென்று கேட்டால் அந்தப் படகு அன்றைக்கு வேண்டாம். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வெளுத்து, விரலில் மாவுபோல ஒட்டும். அது நொறுங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஓலைக் கொட்டகை போட்டுக் கவிழ்த்து வையுங்கள்.

லைஃப் ஜாக்கெட் போட்டதும் தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை வந்தால் தளர்வு. தண்ணீரில் அது முகத்தை மூடும், ஆள் படகில் ஏறவும் விடாது. குழந்தைக்குப் பெரியவர் ஜாக்கெட்டைச் சுற்றிக் கட்டி அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் விசில்.

கவிழ்ந்தால் திரும்ப ஏறுவதை இடுப்பளவு நீரில் ஒவ்வொருவரும் ஒரு முறை செய்து காட்டிய பிறகே குழு கிளம்ப வேண்டும். பத்து நிமிட வேலை. பெரும்பாலோர் முனைப் பக்கமாகத் தொற்றி ஏறப் பார்ப்பார்கள். படகு உருளும், மறுபடி விழுவார்கள், மூன்றாவது முறை கையில் வலு இருக்காது. நடுப் பகுதிக்கு வர வேண்டும். இரு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்து, உடம்பு நீர்மட்டத்தில் படுக்கும்வரை காலை உதைத்து, வயிறு படகின் குறுக்கே வரும்படி ஏறிக் கவிழ்ந்து படுத்து, பிறகு புரண்டு உட்கார வேண்டும். இருவர் படகென்றால் ஒருவர் எதிர்ப்புறம் பிடித்துக்கொள்ள மற்றவர் ஏறட்டும். ஆறு படகுக்கு வழிகாட்டி இருவர், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பின்னால் வருபவரிடம் மிதக்கும் கயிறு 15 மீட்டர், ஒரே இழுப்பில் கழலும் கொக்கியோடு. நீர்புகாப் பையில் இரண்டு கைப்பேசி. கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டையும் பதிந்து வைத்திருக்க வேண்டும்.

சேற்றில் இறங்குபவர் காலைத் தூக்கித் தூக்கி வைக்கக் கூடாது. தரையோடு தேய்த்து நகர்த்த வேண்டும். திருக்கை கிடந்தால் விலகிப் போகும். மிதித்தால் வாலைத் திருப்பிக் குத்தும். குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை ஒரு மணி நேரம் வைத்திருந்தபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முள் உள்ளே முறிந்திருந்தால் பிடுங்கப் பார்க்காதீர்கள். துறையில் ஒரு பிளாஸ்கில் வெந்நீர் வைப்பது பெரிய செலவில்லை. சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்ட இடத்தை மணல் போட்டுத் தேய்ப்பது இன்னும் பல இடத்தில் நடக்கிறது. தேய்க்கத் தேய்க்க நஞ்சு கூடுதலாக இறங்கும். கடல்நீர் விட்டு மட்டும் கழுவுங்கள்.

கடற்புல்லைப் பற்றி. இந்தக் கரையில் மீனவர்கள் தாழை என்று சொல்லும் புல்வெளிகள்தான் ஆவுளியா எனும் கடற்பசுவுக்கும் பேராமைக்கும் சோறு. இறால் குஞ்சுக்கும் நண்டுக் குஞ்சுக்கும் தொட்டில். வளர்ந்த ஆவுளியா ஒன்று நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் புல் தின்னும். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448.34 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது இந்தப் புல்லுக்காகத்தான். நாட்டிலேயே முதல் கடற்பசுப் பாதுகாப்பகம் அது.

கயாக் இந்தப் புல்லுக்குச் செய்யும் கேடு சிறிது. துடுப்பால் தரையைக் குத்தித் தள்ளும்போது வேர்க்கிழங்கோடு பெயர்ந்து வரும். அதற்கு விதி எளிது. துடுப்பின் இலையை நட்டமாக விட்டுப் பாருங்கள். இலை முழுக்க மூழ்கி, அதற்குக் கீழேயும் ஒரு முழம் தண்ணீர் இருந்தால் போகலாம். இல்லையென்றால் சுற்றிப் போங்கள். புல்லின்மேல் நங்கூரம் வேண்டாம், படகைவிட்டு இறங்கி நடக்கவும் வேண்டாம்.

பெரிய கேடு காவலுக்குப் பின்னால் வரும் இயந்திரப் படகால் வருகிறது. பாதுகாப்புக்கு என்று அனுமதிக் கடிதத்திலேயே அது கட்டாயமாக்கப்படுவதுண்டு, நோக்கம் நல்லதுதான். ஆனால் கயாக் குழுவை ஒட்டியே வர வேண்டுமென்றால் அது முக்கால் மீட்டர் நீரில் புல்லின்மேல் ஓடும். விசிறி உழுத இடத்தில் நீளமாக வெள்ளைக் கோடு விழும். சிறு இலைப் புல் சில மாதத்தில் மூடிக்கொள்ளும், வாட்டாழை போன்ற பெரிய புல்லுக்கு ஆண்டுக்கணக்காகும். கலங்கிய சேறு பக்கத்துப் புல்லின் மேல் படிந்து வெளிச்சத்தையும் மறைக்கும். விதியை இப்படி மாற்றலாம்: இயந்திரப் படகு புல்வெளிக்கு வெளியே, ஆழமான விளிம்பில், இயந்திரத்தை நிறுத்தி, விசிறியை மேலே தூக்கி வைத்து நிற்கட்டும். விசில் மூன்று முறை கேட்டாலோ கொடி காட்டினாலோ மட்டும் வரட்டும். கச்சான் நாளில் அது நிற்க வேண்டிய இடமும் அதுதான். இழுபட்டுப் போகும் கயாக் அங்கேதான் வந்து சேரும்.

ஆவுளியாவைக் காட்டுவோம் என்று டிக்கெட் விற்காதீர்கள். இதை இந்த மடலிலேயே அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். அது சில நிமிடத்துக்கு ஒரு முறை மூச்செடுக்க வரும்; வந்தால் மூக்குத் துளை இரண்டும் ஓரிரு நொடி தெரியும், அவ்வளவுதான். கலங்கிய நீரில் உடம்பு தெரியாது. காட்டுவதாக வாக்குக் கொடுத்தவர், காட்ட முடியாத நாளில் தேடிப் போவார், தேடியவர் துரத்துவார். பல ஆண்டு வளர்ந்த பிறகே முதல் குட்டி போடும் விலங்கு அது. ஏறக்குறைய 14 மாதச் சினை, ஒரு குட்டி, அடுத்ததற்கு மூன்று முதல் ஏழு ஆண்டு. தாயையும் குட்டியையும் மேய்ச்சலிலிருந்து விரட்டுவது எவ்வளவு பெரிய நட்டம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தற்செயலாகப் பக்கத்தில் எழுந்தால் துடுப்பை மடியில் வைத்துவிட்டு அது விலகும்வரை அசையாமல் இருங்கள். அதற்குக் கண் மந்தம், காது கூர்மை. படகை விரலால் தட்டுவதுகூட அதற்குக் கேட்கும். படகைப் புல்வெளிக்கும் ஆழ்கடலுக்கும் நடுவில் நிறுத்தாதீர்கள், அது போகும் வழி அது.

அதற்குப் பதில் பயணிக்குக் காட்ட ஒன்று உண்டு. தெளிந்த நாளில் புல்வெளி ஓரத்தில், ஒரு சாண் அகலத்துக்குச் சற்றே கூடவோ குறையவோ, வளைந்து வளைந்து போகும் வெற்று மணல் தடம் தெரியும். ஆவுளியா மேய்ந்த சுவடு. வேரோடு பிடுங்கித் தின்றுகொண்டே போயிருக்கும், தடம் இருபுறமும் புல்லால் கரைகட்டியதுபோல இருக்கும். அந்தச் சுவட்டைக் காட்டத் தெரிந்த வழிகாட்டி இருந்தால் விலங்கைத் தேட வேண்டியதே இல்லை.

வலைகள். இந்தக் கடலில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நான்கு நாள் நாட்டுப்படகு என்று நெடுங்காலமாக ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஞாயிறு நாட்டுப்படகு நாள். உங்களுக்குக் கூட்டம் கூடுவதும் அன்றைக்குத்தான். கரையோரத்தில் தெர்மோகோல் மிதவையும் கொடியும் வரிசையாகத் தெரிந்தால் அடியில் நண்டு வலை கிடக்கிறது. மிதவையைப் பிடித்து ஓய்வெடுப்பதும், படகைக் கட்டுவதும், எட்டிப் பார்க்க வலையைத் தூக்குவதும் அடுத்தவர் பையில் கைவிடுவது போன்றது. வரிசைக்குக் குறுக்கே போக வேண்டுமென்றால் இரண்டு மிதவைக்கு நடுவே, துடுப்பை ஆழமாக விடாமல் கடக்க வேண்டும். வலையில் ஆவுளியாவோ ஆமையோ சிக்கியிருப்பதைப் பார்த்தால் நீங்களாக அறுக்காதீர்கள். வலைக்காரரையும் வனத்துறையையும் உடனே கூப்பிடுங்கள். வலையை அறுத்து ஆவுளியாவை விட்ட மீனவர்களுக்கு அரசு வெகுமதி கொடுத்து வருகிறது. அந்தப் பெயரும் பணமும் அவருக்குப் போகட்டும்.

கடல் அட்டையும் கடற்குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு இருக்கும் அதே முதல் அட்டவணையில் இருப்பவை என்பது பல பயணிகளுக்குத் தெரியாது. படம் எடுக்கக் கையில் தூக்குவார்கள். புறப்படும்முன் ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

அலையாத்திக் கால்வாய்க்குள் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒற்றை வரிசை, எதிரெதிர்ப் போக்குவரத்து வேண்டாம், கிளையைப் பிடித்து நிறுத்த வேண்டாம், கொக்குகள் கூடு கட்டியிருக்கும் மரத்தடியில் நிற்க வேண்டாம். மூச்சுவேர் மேல் படகை ஏற்றாமலிருக்க இறங்குதுறையில் மரப்பலகை மேடை ஒன்று போடுங்கள்.

வழிகாட்டி வேலை ஊர் மீனவர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கே போக வேண்டும். காரங்காட்டில் ஊர்க்காரர்களே முன்னின்று நடத்துவதால் எந்தக் கால்வாயில் எப்போது தண்ணீர் இருக்கும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியூர்ப் பயிற்சியாளர் மீட்பு முறையைக் கற்றுத்தரட்டும். கடலை இவர்கள் அவருக்குக் கற்றுத்தருவார்கள். சம்பளத்தை மாதச் சம்பளமாக வையுங்கள். தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் காற்று எழும்பிய பிறகும் இன்னொரு குழுவை இறக்கத்தான் தோன்றும்.

இனி பலகை. கரும்பலகையாக இருக்கட்டும், பெயின்ட் வேண்டாம். மேலே இன்றைய தேதியும் திதியும். அதற்குக் கீழே முழு ஏற்றம் எத்தனை மணிக்கு, முதல் படகு எப்போது, கடைசிப் படகு எப்போது கரைசேர வேண்டும். பிறகு காற்று எந்தப் பக்கம், எவ்வளவு. அளவுகோலில் இப்போது எந்தக் கோடு. எந்தத் திட்டில் இன்று பறவை இருக்கிறது, அதனால் எந்தப் பக்கம் போகக் கூடாது. கடைசியாக, அன்றைக்குப் படகு இல்லையென்றால் காரணம் ஒரு வரியில்; "கச்சான் பலம்" என்று எழுதினாலே உள்ளூரில் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். வெளியூர்ப் பயணிகளுக்காக அடுத்த 15 நாள் ஏற்ற நேரத்தை முன்பதிவுப் பக்கத்திலும் போடுங்கள். 9 மணிக்கு வந்து 2 மணிவரை காத்திருந்து கோபப்படுபவரிடம் ஓதத்தைப் பற்றிப் பேச முடியாது.

அக்டோபர் முதல் டிசம்பர்வரை படகு கரையில் கிடக்கும் மூன்று மாதத்தில் அளவுகோல் நட்டு, நோட்டுப் போட்டு, திட்டுகளைக் குறித்து முடித்துவிடலாம். சட்டத்துக்கு மரமும் இரண்டு டப்பா பெயின்ட்டும் எங்கள் செலவு. நட்டுத் தரவும், முதல் மாதம் முறைவைத்து உட்கார்ந்து வாசிக்கவும் ஆள் அனுப்புகிறோம். எந்தத் துறையில் தொடங்குவது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாக் விரிகுடாவில் துடுப்புப் போடுவோரும் பறவை பார்ப்போரும்